மொன்பெலியேவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: விசாவிலிருந்து மருத்துவப் பள்ளியின் பூட்டிய கதவு வரை

தெற்கு பிரான்சில், மத்தியதரைக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது மொன்பெலியே. இங்கே பார்க்கத் தகுந்தவற்றில் பாதிக்கு வாசலில் டிக்கெட் விற்க மாட்டார்கள். மருத்துவப் பள்ளியின் உடற்கூற்றுக் காட்சியகம், யூதர்களின் இடைக்காலப் புனித நீராடு குளம், வெற்றி வளைவின் மொட்டைமாடி, பழைய மாளிகைகளின் உள்முற்றங்கள் எல்லாமே பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவை. நகரச் சுற்றுலா அலுவலகத்தின் வழிகாட்டி கூட வந்தால்தான் அவை திறக்கும், அதுவும் குறித்த நாளில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். இது தெரியாமல் போகிறவர்கள் நகர நடுவிலுள்ள கொமெடி சதுக்கத்தில் ஒரு காபி குடித்து, சந்துகளில் நாலு படம் எடுத்துக்கொண்டு, "ஊர் அழகுதான், ஆனால் உள்ளே பார்க்க ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். அப்படி ஆகாமலிருக்க, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே பாருங்கள்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள், பிறகு தேதியைக் குறியுங்கள்

பெரும்பாலோர் விமான டிக்கெட் மலிவாக இருக்கும் தேதியிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த ஊருக்கு அது சரிவராது.

திங்கட்கிழமை ஃபாப்ர் ஓவிய அருங்காட்சியகம் மூடல், தாவரத் தோட்டமும் மூடல். பல உணவகங்களும் அன்று திறப்பதில்லை. ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும். ஆகவே மூன்று முழு நாள் ஒதுக்க முடிந்தால் புதன், வியாழன், வெள்ளி அல்லது வியாழன், வெள்ளி, சனி நல்லது. திங்கள் இரவு வந்திறங்கி செவ்வாய் காலை தொடங்குவதும் நல்ல ஏற்பாடு. செவ்வாயும் சனியும் காலையில் பழைய நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் சந்தை கூடும், அதைத் தவறவிட வேண்டாம்.

மாதம் என்றால் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை. பல்கலைக்கழக விடுமுறையும் அப்போதுதான் என்பதால் அதன் கட்டடங்களுக்குள் இருப்பவை பல மூடியிருக்கும். கோடையில் நடன விழா, இசை விழா என்று ஊர் நிறைந்து அறை வாடகையும் ஏறிவிடும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இன்னொரு தொல்லை உண்டு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று செவென் மலைத்தொடரில் மோதி, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும். வானிலைத் துறை ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் பூங்காக்களை மூடிவிடுவார்கள், ரயிலும் தடைபடலாம். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் மூன்றாவது சனி, ஞாயிறு ஐரோப்பிய மரபுரிமை நாட்கள். மற்ற நாளில் பூட்டியிருக்கும் பல கதவுகள் அன்று இலவசமாகத் திறக்கும். வரிசை நீளும், இருந்தாலும் பழைய கட்டடங்களுக்காகவே போகிறவர்களுக்கு ஆண்டின் சிறந்த இரண்டு நாள் அதுதான். மே 1 அன்று எதுவும் திறந்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. விசா: கணக்கு பொருந்த வேண்டும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் (ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) குறுகியகால விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள் ஆகும், கூடுதல் விசாரணை இருந்தால் 45 நாள் வரை இழுக்கும். கோடைக்கு முந்தைய மாதங்களில் நேர்முகத்துக்கு நேரம் கிடைப்பதே பாடு. எனவே புறப்படுவதற்கு இரண்டரை மாதம் முன்பாவது கோப்பைத் தயாராக வையுங்கள். பிரான்சின் அதிகாரபூர்வ விசா இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, அதன் பிறகு விசா மையத்தில் நேரம் வாங்க வேண்டும். விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் மையம் சென்னையில் இருக்கிறது.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12-க்குட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழ் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். புகைப்படம் 35-க்கு 45 மி.மீ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும். வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், போகவர விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிட முன்பதிவு ஆகியவையும் வேண்டும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் தாள் இல்லாததால் அல்ல, ஒரு தாளும் இன்னொரு தாளும் பொருந்தாததால். விமானம் 14-ஆம் தேதி இறங்குகிறது, அறை 15 முதல் பதிவாகியிருக்கிறது, காப்பீடு ஒரு நாள் முன்பே முடிகிறது என்றால் கோப்பு அங்கேயே பலவீனமாகிவிடும். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, எந்த ஊர், எங்கே தூக்கம் என்று மூன்று பத்தி போட்டு, எல்லா ஆவணத்தையும் அதோடு ஒத்துப் பாருங்கள். அந்தத் தாளையே பயணத் திட்டமாக இணைத்தும் விடலாம்.

கையில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்பதற்குப் பிரான்ஸ் வைத்திருக்கும் அளவு: விடுதி முன்பதிவு இருந்தால் ஒரு நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ. உறவினர் வீட்டில் தங்கினால் 32.50 யூரோ. ஆனால் உறவினர் வீடு என்றால் அவர் தம் ஊர் நகராட்சிக்கு நேரில் போய், வரவேற்புச் சான்றிதழ் வாங்கி, அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு அவர் 30 யூரோ கட்ட வேண்டும், கைக்கு வர ஒரு மாதம் வரை ஆகலாம். பாரிசின் புறநகரில் சித்தப்பா, மாமா இருக்கிறார் என்று நம்பி இதைக் கடைசி வாரத்துக்கு விட்டால் விசாவே தள்ளிப்போகும். அவர் எழுதித் தரும் சாதாரணக் கடிதம் இதற்கு ஈடாகாது.

இன்னொன்று: பல ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால், எங்கே அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

3. பூட்டிய கதவுகளுக்கு முன்பதிவு

விசா கைக்கு வந்ததும் அடுத்த வேலை இது, ரயிலைவிட முந்தியது. சுற்றுலா அலுவலகத்தின் இணையதளத்தில் வழிகாட்டிச் சுற்றுகளின் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்புதான் தேதிகள் வரும், ஒரு சுற்றில் இடமும் குறைவு. மருத்துவப் பள்ளிச் சுற்றைத்தான் முதலில் தேடுங்கள். அது எந்த நாளில் கிடைக்கிறதோ அதைச் சுற்றி மற்றதை அடுக்கலாம், அதை மற்றவற்றுக்காக நகர்த்த முடியாது. நீராடு குளமும் வெற்றி வளைவும் பழைய நகரச் சுற்றுகளில் ஏதாவது ஒன்றில் வரும். எந்தச் சுற்றில் எது அடக்கம் என்பதை விளக்கத்தில் வரிவரியாகப் படித்துவிட்டு வாங்குங்கள். தலைப்பு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளடக்கம் மாறும்.

சுற்றுகள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான். ஆங்கிலச் சுற்றுகள் சில நாட்களில் மட்டும், அதுவும் சுற்றுலாப் பருவத்தில். ஆங்கிலத்துக்காகக் காத்திருந்து கதவையே இழப்பதைவிட, பிரெஞ்சுச் சுற்றில் போய் கண்ணால் பார்த்துவிடுவது மேல். போகும் முன் அரைமணி நேரம் படித்துக்கொண்டால் பாதி புரியும். நடந்துகொண்டே கேட்டால் வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்வதும் உண்டு.

சுற்று தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். சிலவற்றுக்குச் சுற்றுலா அலுவலக வாசல், சிலவற்றுக்கு அந்தக் கட்டடத்தின் வாசல். டிக்கெட்டில் எழுதியிருப்பதுதான் கணக்கு. கால்மணி முன்பே போய் நில்லுங்கள், புறப்பட்ட குழுவைப் பின்தொடர்ந்து உள்ளே போக முடியாது.

4. ரயில்: இரண்டு நிலையங்கள், ஒரே ஊர்ப் பெயர்

பாரிசின் கார் த லியோன் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. எனும் அதிவேக ரயிலில் மூன்றேகால் முதல் மூன்றரை மணி நேரம். ஷார்ல் த கோல் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்கு அடியிலிருந்தே நேர் ரயில்கள் சிலவும் உண்டு. அது கிடைத்தால் பாரிசுக்குள் பெட்டியோடு அலைய வேண்டாம். கிடைக்காவிட்டால் ஆர்.இ.ஆர். எனும் புறநகர் ரயிலின் பி தடத்தில் ஷாத்லே லே ஆல் நிலையம் வரை வந்து, அங்கே ஏ அல்லது டி தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் கார் த லியோன். விமான நிலையத்திலிருந்து அந்த டிக்கெட் 13-14 யூரோ அளவில்.

இறங்கிய விமானத்துக்கும் ஏறும் ரயிலுக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய எல்லைப் பதிவு முறையில் முதல்முறை நுழைகிறவர்களின் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை மெதுவாகத்தான் நகரும். மலிவு டி.ஜி.வி. டிக்கெட்டைத் தவறவிட்டால் பணம் திரும்புவது கடினம்.

இப்போது முக்கியமான பொறி. மொன்பெலியேவில் அதிவேக ரயில் நிற்கும் நிலையங்கள் இரண்டு. சென் ரோக் நகர நடுவில், கொமெடி சதுக்கத்துக்கு ஐந்து நிமிட நடை. சுட் த பிரான்ஸ் 2018-இல் திறந்த புது நிலையம், நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விகோ என்ற மலிவு ரயில்கள் பலவும் அங்கேதான் போகின்றன. அங்கிருந்து நகருக்குள் வர முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாங்கும்போது ஊர்ப் பெயருக்கு அடுத்து வரும் சொற்களையும் படியுங்கள். திரும்பும் டிக்கெட்டிலும் அதேபோல் பாருங்கள். இறங்கியது சென் ரோக், ஏற வேண்டியது சுட் த பிரான்ஸ் என்று அமைந்துவிட்டால் கடைசி நாள் காலை ரயிலே போய்விடும்.

விலை முன்கூட்டியே எடுத்தால் 50 யூரோவுக்குள் முடியும், கடைசி வாரத்தில் 100-ஐத் தாண்டும். சாதாரண டி.ஜி.வி.யில் இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும் அனுமதி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை இருக்க வேண்டும். விகோவில் அடிப்படை டிக்கெட்டுக்குச் சிறிய பெட்டியும் கைப்பையும்தான். விமானத்துக்கு எடுத்துச் செல்லும் பெரிய பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அதை முன்பே கட்டிவிட்டால் மலிவு. கதவுகள் புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே மூடும். நடைமேடை எண் சுமார் 20 நிமிடத்துக்கு முன்புதான் பலகையில் வரும். கார் த லியோனில் மண்டபங்கள் மூன்று, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியோடு பத்து நிமிடம் ஆகும்.

5. தங்குமிடம்

சென் ரோக் நிலையத்துக்கும் கொமெடி சதுக்கத்துக்கும் இடைப்பட்ட தெருக்கள் வசதி. எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். இருவர் அறை சாதாரண நாட்களில் 80 முதல் 120 யூரோ. நகராட்சியின் தங்கல் வரி ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று தனியே சேரும்.

எக்குசோன் எனப்படும் பழைய நகருக்குள் வீடு எடுத்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பகுதிக்கு வண்டி வராது, கல் பாவிய சரிவுத் தெருவில் பெட்டியை நீங்களேதான் இழுக்க வேண்டும். பழைய கட்டடங்களில் லிப்ட் அரிது. அவர்கள் மூன்றாம் மாடி என்பது தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று. வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் லிப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் ஊர் என்பதால் ஜான் ஜொரேஸ் சதுக்கத்தைச் சுற்றி இரவு வெகுநேரம் சத்தம் இருக்கும். அங்கே தெருப்பக்கம் பார்த்த அறை வேண்டாம்.

6. டிராம் இலவசம் என்று நம்பிவிடாதீர்கள்

2023 டிசம்பரிலிருந்து இங்கே பொதுப் போக்குவரத்து இலவசம் என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அது இந்த மாநகரப் பகுதியில் குடியிருந்து, அதற்கான அட்டை வாங்கியவர்களுக்கு மட்டும். வெளியூர்க்காரர்கள் டிக்கெட் எடுத்தாக வேண்டும். உள்ளூர்க்காரர் டிக்கெட் இல்லாமல் ஏறுவதைப் பார்த்துப் பின்னாலேயே ஏறினால் பரிசோதகரிடம் மாட்டுவீர்கள், "தெரியாது" என்ற பதில் அங்கே எடுபடாது. ஒரு டிக்கெட் சுமார் 2 யூரோ, ஒரு மணி நேரம் செல்லும். நிறுத்தத்திலுள்ள இயந்திரத்தில் வாங்கலாம். வாங்கினால் மட்டும் போதாது, வண்டிக்குள் ஏறியதும் அங்குள்ள கருவியில் டிக்கெட்டைப் பதிய வேண்டும், மாறி ஏறும்போது மறுபடியும் பதிய வேண்டும்.

பழைய நகரைப் பார்க்க டிராம் அதிகம் தேவைப்படாது. 24, 48, 72 மணி நேர சிட்டி கார்டு வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். அதில் போக்குவரத்தும் ஒரு வழிகாட்டிச் சுற்றும் சேர்ந்திருந்தால் லாபம் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வேண்டிய மருத்துவப் பள்ளிச் சுற்று அதில் அடக்கமா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

7. முதல் நாள்: நீர்ப்பாலம், கதீட்ரல், தோட்டம், மருத்துவப் பள்ளி

தாவரத் தோட்டம் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். வரிசையை அதற்கேற்ப அமைத்தால் ஒரு நாளில் நான்கையும் நிதானமாகப் பார்க்கலாம்.

காலை 9.30-க்குப் பெய்ரூ மேடையில் தொடங்குங்கள். வெற்றி வளைவைக் கடந்து நேரே நடந்தால் மேடை. அதன் மறுகோடியில் நீர்மண்டபம், அங்கிருந்து சென் கிளெமான் நீர்ப்பாலம் இரண்டடுக்கு வளைவுகளாக நீளும். பொறியாளர் ஆன்ரி பிதோ 18-ஆம் நூற்றாண்டில் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டியது. மேடையிலிருந்து படியிறங்கி வளைவுகளுக்கு அடியில் போய்ப் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் அதன் உயரம் தெரியாது. செவ்வாய், சனி என்றால் சந்தையில் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளலாம்.

11 மணிக்கு சென் பியெர் கதீட்ரல். 4 மீட்டருக்கு மேல் தடிமன் உள்ள இரண்டு உருளைத் தூண்கள் முன்மண்டபத்தைத் தாங்கி நிற்கும், அப்படி ஒரு வாசலை வேறெங்கும் பார்ப்பது அரிது. நுழைவு இலவசம். வழிபாடு நடக்கும்போது சுற்றிப் பார்க்கக் கூடாது. நண்பகலில் மூடுவதும் உண்டு, அதனால்தான் 11 மணி.

12-க்குத் தோட்டம். ஆன்ரி நான்காம் வீதியில், கதீட்ரலிலிருந்து சில நிமிட நடைதான். நான்காம் ஆன்ரி மன்னரின் ஆணைப்படி 1593-இல் ரிஷே த பெல்வால் அமைத்தது. மருத்துவ மாணவர்களுக்கு மூலிகை கற்றுக்கொடுக்கவே உண்டானது, பிரான்சின் மிகப் பழைய தாவரத் தோட்டம். நுழைவு இலவசம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரவு 8 வரை, மற்ற மாதங்களில் மாலை 6 வரை. உள்ளே ஃபிலேரியா என்னும் ஒரு கிழமரம் நிற்கிறது. அடிமரம் முண்டுமுண்டாகப் புடைத்து, பட்டையெங்கும் விரல் நுழையும் பொந்துகள். ஒவ்வொரு பொந்திலும் நான்காய் எட்டாய் மடித்த தாள்துண்டுகள், சில மழையில் ஊறிக் கூழாகி, சில நேற்று வைத்ததுபோல் வெள்ளையாக. ஊரார் வேண்டுதலை எழுதி வைக்கும் மரம் அது. பட்டையைக் கீறவோ, அடுத்தவர் தாளை உருவவோ வேண்டாம்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் மருத்துவப் பள்ளி. இதற்குத்தான் இந்த ஊருக்கே வருகிறோம் என்று சொல்வேன். 1220-இல் சட்டதிட்டம் பெற்று இன்றுவரை இடைவிடாமல் மருத்துவம் கற்பிக்கும் பள்ளி இது. உலகில் இயங்கிவரும் மருத்துவப் பள்ளிகளில் மிகப் பழையது என்று அறியப்படுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ராபெலே படித்தது இங்கேதான், 1530-இல் சேர்ந்தார். கட்டடம் முதலில் ஒரு மடம். அந்த மடத்தின் கோயில்தான் பக்கத்திலிருக்கும் கதீட்ரலாக மாறியது, அதனால்தான் இரண்டும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன.

வழி தேடும்போது கவனம். மருத்துவப் புலத்துக்கு 2017-இல் திறந்த புதுக் கட்டடம் ஒன்று நகரின் வடக்கே, மருத்துவமனைகள் இருக்கும் பகுதியில் உண்டு. வரைபடத்தில் "மருத்துவப் புலம்" என்று மட்டும் தேடினால் அங்கே இழுத்துச் செல்லும். உங்களுக்கு வேண்டியது பழைய நகரில், ரூ த லெக்கோல் த மெத்சின், எண் 2. வாசலில் லா பெய்ரொனி, பார்தேஸ் என்ற இரு மருத்துவர்களின் வெண்கலச் சிலைகள் இருந்தால் சரியான இடம்.

கடவுச்சீட்டை அசலாகக் கையில் வையுங்கள். பையைச் சோதிப்பார்கள், பெரிய பையோடு உள்ளே விடமாட்டார்கள். உடற்கூற்றுக் காட்சியகத்தில் 5,000-க்கும் மேற்பட்ட பொருட்கள்: மெழுகு உருவங்கள், எலும்புக்கூடுகள், திரவத்தில் பாதுகாத்த உறுப்புகள், நோயால் சிதைந்த உடல் பகுதிகள். பிறவிக் குறையுள்ள சிசுக்களும் அவற்றில் உண்டு. கருவுற்றிருப்பவர்களும் குழந்தைகளும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வயது வரம்பு இருந்தால் பதிவுப் பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். படம் எடுக்க வேண்டாம், அவை ஒருகாலத்தில் மனிதர்களின் உடல்கள்.

இதே கட்டடத்தில் ஆத்ஜே அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபிராகொனார், தியெப்போலோ போன்றோரின் கோட்டோவியங்கள், அனுமதி இலவசம். வாரத்தில் சில பிற்பகல்கள் மட்டும் திறக்கும், பல்கலைக்கழக விடுமுறையில் மூடும். அந்த வாரத்து நேரத்தைப் பல்கலைக்கழக நூலகத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

8. இரண்டாம் நாள்: ஃபாப்ர் அருங்காட்சியகமும் முற்றங்களும்

காலை 10 மணிக்குத் திறந்ததும் ஃபாப்ருக்குள் போய்விடுங்கள், மூன்று மணி நேரம் வேண்டும். டிக்கெட் 10 யூரோ அளவில், சிறப்புக் கண்காட்சி சேர்ந்தால் கூடும். மாதத்தின் முதல் ஞாயிறு நிரந்தரத் தொகுப்பு இலவசம், அன்று கூட்டமும் அதிகம். பெட்டி, பெரிய முதுகுப்பை அனுமதி இல்லை. அறையைக் காலி செய்யும் நாளில் வந்தால் பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நேரம் குறைவு என்றால் மூன்றை மட்டும் பாருங்கள். கூர்பே 1854-இல் வரைந்த "சந்திப்பு", ஓவியர் முதுகில் சுமையோடு வர, ஊர்ப் புரவலர் புரூயாஸ் வழியில் நின்று வரவேற்கும் காட்சி. பசீயின் ஓவியங்கள், அவர் இந்த ஊர்க்காரர், 28 வயதில் போரில் இறந்தவர். மூன்றாவது, சூலாஜின் கருப்பு ஓவியங்கள் இருக்கும் கூடங்கள். அவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எதிரே நேராக நின்றால் வெறும் கருப்புப் பலகை. இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மெல்ல நடந்து பாருங்கள், வண்ணத்தில் உழுத கோடுகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தை வாங்கி வெள்ளியாகும், அடுத்த அடியில் மறுபடி கருக்கும்.

பிற்பகலில் பழைய நகரச் சுற்று. 17, 18-ஆம் நூற்றாண்டு மாளிகைகளில் இன்று குடும்பங்கள் வசிக்கின்றன. கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்கலாம், மின்னெண் பூட்டுள்ள கதவு திறக்கும் சமயம் பார்த்து உள்ளே நுழைந்துவிடக் கூடாது. நீராடு குளத்துக்கு இறங்கும் படிகள் ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் இருந்தால் பக்கத்து ஊரான நீமுக்குப் போகலாம். ரயிலில் அரைமணி. ரோமானியர் கட்டிய அரங்கும் மெசோன் கரே கோயிலும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்.

9. சாப்பாடு

பகல் உணவு 12 முதல் 2 வரை. இரண்டேகாலுக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்திருப்பார்கள். இரவு ஏழரைக்கு முன் கிடைப்பது கடினம். பகலில் "பிளா து ஜூர்" என்று பலகையில் எழுதியிருக்கும் அன்றைய உணவுதான் மலிவு, 15 யூரோ சுற்றி. குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம், "கராஃப் தோ" என்று கேளுங்கள். வெறுமனே தண்ணீர் என்றால் புட்டியைத் திறந்து வைத்துப் பணம் போடுவார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம்.

சைவர்கள் "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று இரண்டையும் சொல்ல வேண்டும், அதாவது இறைச்சியும் மீனும் வேண்டாம். முதலாவதை மட்டும் சொன்னால் மீன் வரும். காய்கறிக் கலவை என்று பெயரிட்டதிலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் தூவியிருக்கலாம், "சான் லார்தோன்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் காஸ்தெலான் அங்காடியில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிவைத்தால் ஒருவேளை கவலை தீரும்.

10. ஏதாவது தவறிப்போனால்

டிராம் நெரிசலிலும் சென் ரோக் வாசலிலும் பைகள் முன்பக்கம் இருக்கட்டும். கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி அதன் தாளை வாங்குங்கள், அது இல்லாமல் தூதரகத்தில் எதுவும் நகராது. இந்தியர்களுக்கு அருகிலுள்ளது 2025-இல் மார்செயில் திறந்த துணைத் தூதரகம், இலங்கையருக்குப் பாரிஸ். கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா ஒட்டிய பக்கம் இரண்டின் நகலைப் பெட்டியில் தனியாகவும் மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். அவசர உதவிக்கு எண் 112, மருத்துவத்துக்கு 15, காவல்துறைக்கு 17. சிகிச்சை பெற்றால் ரசீது, மருத்துவர் எழுதிய தாள் இரண்டையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள், ஊருக்குத் திரும்பியபின் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அவற்றைத்தான்.